தாம்போதி உடைந்த மாரி

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடைக்குப் பின்னால் இரண்டு அறைகள். அதுதான் எங்கள் கந்தோர். வாசலில் பெயர்ப்பலகை ஒன்று தொங்கியது. ஆனால் ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'சம்பளக் கந்தோர்' என்றுதான் சொல்வார்கள். வாய்க்கால் வெட்டுகிற கொந்தராத்துக்காரர்கள், ரோட்டுப் போடுகிறவர்கள், நெல் ஆலைக்காரர்கள் சிலர், இவர்களிடம் வேலை செய்கிற ஆட்களுக்கெல்லாம் சம்பளப் பட்டியல் எழுதுவது எங்கள் வேலை. சம்பள நாளில் எங்களில் ஒருவர் ஜீப்பில் போய் அவரவர் கையில் கொடுத்து, பெருவிரல் அடையாளம் வாங்கிக்கொண்டு வருவோம். ஐம்பதுகளின் நடுவில் நான் அங்கே சேர்ந்தேன். அப்போதுதான் கலியாணம் முடித்திருந்தேன்.

நாங்கள் மூன்று பேர். பெரிய கிளாக்கர் காரைதீவுக்காரர். திருநீறு, வேட்டி, கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. சைக்கிளில் வருவார். கதிரையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் வரை எழும்பமாட்டார். யாராவது கொஞ்ச நேரம் வெளியே போய்வரக் கேட்டால், "கந்தோர் நேரம் நம்மட நேரமில்ல, கிளாக்கர்" என்பார். அவருடைய மகள் பெரியபிள்ளையான செய்தி கந்தோருக்கு வந்தபோதுகூட, மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, மாலையில் பூட்டிய பிறகுதான் புறப்பட்டார். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் ஜும்மாவுக்கு நான் எழும்பத் தயங்கிக்கொண்டிருந்தால், தலையை நிமிர்த்தாமலே, "பாங்கு சொல்லப் போறாங்க" என்பார். அவர் தானாக ஒருவரை வெளியே போகச் சொன்னது அந்த ஒரு காரியத்துக்குத்தான்.

மற்றவர் டைப்பிஸ்ட். மட்டக்களப்புப் பறங்கியர். கல்முனையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். சனிக்கிழமை பஸ்ஸில் ஊருக்குப் போவார். தட்டெழுத்து இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தால் சீழ்க்கை தானாக வந்துவிடும். பெரிய கிளாக்கர் ஒரு தடவை இருமுவார். சீழ்க்கை நிற்கும். கொஞ்ச நேரத்தில் மீண்டும் மெல்லக் கிளம்பும். மீண்டும் இருமல். பகல் முழுக்க இது நடக்கும். இரண்டு பேருமே இதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

இதையெல்லாம் நான் வீட்டில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். சாய்ந்தமருதில் என் மனைவிக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த வீட்டில்தான் நாங்கள் இருந்தோம். மாமா, மாமி, மனைவியின் தங்கை எல்லாரும் அதே வளவில். மாலையில் நான் சாப்பிட உட்கார்ந்ததும் என் மனைவி முன்னால் வந்து உட்காருவாள்.

"ம்... சொல்லுங்க. இண்டைக்குக் கந்தோர்ல என்ன?"

ஒருநாளும் ஒன்றுமில்லை என்று தப்பிக்க முடியாது. பட்டியலில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். அடையாளத்துக்காகப் பெயருக்குப் பக்கத்தில் 'நெட்டை', 'கட்டை' என்று எழுதி வைப்போம். ஒரு சம்பள நாளில் நான் அதையும் சேர்த்துச் சத்தமாக வாசித்துவிட்டேன். கட்டையான மனிதர் கோபித்துக்கொண்டு, அந்தச் சொல்லை வெட்டினால்தான் விரலடையாளம் வைப்பேன் என்று நின்றுவிட்டார். வெட்டினேன். பிறகு அவரே என் காதுக்குள், "அப்ப மற்றவன்ட 'நெட்டை'யையும் வெட்டுங்க" என்றார். அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் மாமி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

பெரிய கிளாக்கரையும் டைப்பிஸ்டையும் அவள் கண்டதே இல்லை. அவர்களும் அவளைக் கண்டதில்லை. ஆனாலும் பெரிய கிளாக்கரைப் போல இருமிக் காட்டுவாள். அது அச்சாக அவருடைய இருமலாகவே இருக்கும். எப்படி என்று கேட்டால், "நீங்க சொன்னீங்கதானே" என்பாள். எங்கள் மாமரம் காய்த்தபோது, "ஐயாவுக்கும் அந்த மட்டக்களப்பாருக்கும் குடுங்க" என்று ஒரு பை நிறையக் கட்டித் தந்தாள். பெரிய கிளாக்கர் ஒரு மாம்பழத்தைக் கையில் எடுத்து, முகர்ந்து பார்த்து, "நல்ல கைராசியான வீடு" என்று மட்டும் சொன்னார். அதையும் போய்ச் சொன்னேன். அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. மருத்துவிச்சி, இன்னும் ஒரு மாதமாவது செல்லும் என்று சொல்லியிருந்தார். அது மாரிக் காலம். அம்பாறைக்கு அப்பால் வாய்க்கால் வெட்டுகிற இடத்துக்குச் சம்பளம் கொண்டுபோகிற முறை எனக்கு வந்தது.

டைப்பிஸ்ட் சொன்னார்: "மச்சான், நீ வீட்டில நில். இந்த முறை நான் போறன்."

நான் வீட்டில் கேட்டேன். அவள்தான் தடுத்தாள். "அந்த மனிசன் சனிக்கிழமை ஊருக்குப் போற ஆள். அவர்ட உம்மா பாத்துக்கொண்டு இரிப்பா. நீங்க போயிட்டு வாங்க. வந்து எல்லாத்தையும் சொல்லணும் எனக்கு."

போனேன். போகும்போது தூறல்தான். வேலையிடத்தில் தொழிலாளர் தங்கும் வாடிகள் ஓலையால் வேய்ந்தவை. ஒரு வாடிக்குள் மேசை போட்டுக் கொடுத்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அது விடவே இல்லை. சாரதி, இனி நின்றால் மாட்டிக்கொள்வோம் என்றார். ஒருவாறு சம்மாந்துறை வரை வந்து சேர்ந்தோம். அங்கே ரோட்டில் சனம் கூடி நின்றது. மாவடிப்பள்ளித் தாம்போதியை வெள்ளம் மூடிவிட்டது, நடுவில் ஓர் இடம் அறுத்துக்கொண்டும் போய்விட்டது என்றார்கள். தாழ்ந்த கல்பாதையான அந்தத் தாம்போதிதான் வயல்வெளியைக் கடந்து காரைதீவுக்குப் போகிற ஒரே வழி. அதற்கப்பால் என் வீடு ஒரு எட்டுத் தூரம். வேறு வழியில்லாமல் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். சனங்கள் சோறு கொண்டுவந்து தந்தார்கள். ஆடுகளும் கோழிகளும்கூட எங்களோடு அங்கே ஒதுங்கியிருந்தன. எனக்குப் பெரிய பயம் ஒன்றும் இருக்கவில்லை. அவளுக்குச் சொல்ல இவ்வளவு விஷயம் சேர்ந்துவிட்டதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழை விட்ட ஒரு காலையில் தண்ணீர் வடியத் தொடங்கிற்று என்று கேள்விப்பட்டு, சாரதியை ஜீப்போடு விட்டுவிட்டு நான் நடந்தேன். தாம்போதியின் மேல் முழங்காலளவு தண்ணீர். சனம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போனது. உடைந்த இடத்துக்கு வந்ததும் எல்லாரும் நின்றோம். இரண்டு பக்கமும் அரித்த மண். நடுவில் செந்நிறத் தண்ணீர் இரைந்துகொண்டு போயிற்று. ஆட்களை ஏற்றி இறக்க ஒரேயொரு தோணி. அதற்குக் காத்திருப்பவர்கள் இரண்டு கரையிலும் நிறையப் பேர்.

அக்கரைக் கூட்டத்தில் ஒரு வெள்ளைக் கோட்டைக் கண்டேன்.

முதலில் நம்பவில்லை. வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். வெறுங்கால். சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். வெயில் நன்றாக ஏறியிருந்தது. கந்தோர் திறந்து கனநேரம் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் அந்த மனிதர் கந்தோரில் இல்லை, இங்கே நிற்கிறார். மகள் பெரியபிள்ளையான அன்றுகூட எழும்பாதவர்.

கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். நான் கையை வாயில் குவித்துக் கத்தினேன். "ஐயா! என்ன ஐயா?"

அவர் என்னைக் கண்டுவிட்டார். கையை உயர்த்தினார்.

"வீட்டில சுகமா?"

அவர் தோணியைக் கையால் காட்டினார். ஏறி வா என்பதுபோல. திரும்பவும் கேட்டேன். திரும்பவும் தோணியைக் காட்டினார். தண்ணீருக்கு மேலால், அவ்வளவு சனத்துக்கு முன்னால், அதைக் கத்திச் சொல்ல அவர் விரும்பவில்லை. ஒன்றுமில்லை என்று பொய் சொல்லவும் இல்லை. என் முறை வரும்வரை நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம். அவர் பார்வையைத் திருப்பவே இல்லை. என் வாழ்க்கையில் அதுபோல நீண்ட நேரம் வேறொன்றில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய முறையை எனக்கு விட்டுத் தந்தார்.

நான் தோணியால் இறங்கியதும் அவர் என் தோளைப் பிடித்தார். கந்தோரில் எப்போதும் 'கிளாக்கர்' என்றுதான் கூப்பிடுவார்.

"மகன், பொம்புளப் புள்ள பொறந்திரிக்கு. புள்ள சுகமா இரிக்கு" என்றார். பிறகு தோளை விடாமலே, "தாய் மவுத்தாகிட்டா" என்றார்.

சாவைத் தங்களுடைய சொல்லால் சொல்லாமல் எங்களுடைய சொல்லால் சொன்னார். அதை அவர் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

"எப்ப?"

"முந்தாநாள் ராவு. நேத்து அடக்கிட்டாங்க. உங்களுக்கு அறிவிக்கத் தபால் கந்தோருக்குப் போனன். கம்பியெல்லாம் அறுந்து கிடக்கு. இஞ்சயும் வந்தன், தோணி விடல்ல. மாமாவுக்கு வேற வழியில்ல மகன். வெச்சிக்கொண்டு இரிக்க ஏலாதுதானே."

நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு, அந்தச் சேற்றில், கோட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் பார்க்கிறார்களா என்று அவர் பார்க்கவில்லை. நான் எழும்பும் வரை இருந்தார். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு வீடு வரை நடந்து வந்தார்.

நடந்ததை மாமா சொன்னார். நாள் முந்தி வலி வந்திருக்கிறது. வெள்ளத்தில் மாட்டு வண்டி பிடித்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பிள்ளை பிறந்த பிறகு இரத்தம் நிற்கவில்லை. மாமா கந்தோருக்குப் போய் என்னைத் தேடியிருக்கிறார். அன்று பெரிய கிளாக்கர் கந்தோரைப் பூட்டினார். வேலை நாளில் அது பூட்டியது அதுதான் முதல் தடவை.

"உங்கட ஐயாவும் அந்தப் பறங்கி மனிசனும் வந்தாங்க" என்றார் மாமா. "பள்ளிவாசலுக்கு வெளியில மழைக்குள்ளயே நிண்டாங்க. மையவாடிக்கும் வந்து ஒரு ஓரத்தில நிண்டாங்க. எல்லாரும் போன பொறகுதான் போனாங்க."

ஒருநாளும் அவள் முகத்தைக் காணாத இரண்டு பேர். அவளை அடக்கும்போது நான் நிற்கவில்லை. அவர்கள் நின்றிருக்கிறார்கள். அதை நினைத்து நான் ஆறுதல்பட்ட நாட்களும் உண்டு. அதை நினைத்துப் பொறுக்க முடியாமல் போன நாட்களும் உண்டு.

மையவாடியில் மணல் இன்னும் ஈரமாக இருந்தது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட்டிருந்த மீசான் கட்டைகள் பச்சை மரம். திரும்பி வந்ததும் மாமி பிள்ளையை என் மடியில் வைத்தார். அதற்கு அவளுடைய நெற்றி. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாடியில் நடந்தது, பள்ளிக்கூடத்தில் ஆடுகளோடு படுத்தது, எல்லாம் எனக்குள்ளேயே இருந்தது. சொல்வதற்கு ஆளில்லை.

சில நாட்களில் கந்தோருக்குப் போனேன். வீட்டில் எங்கே திரும்பினாலும் அவளுடைய ஏதாவது ஒன்று இருந்தது. கந்தோரில் யாரும் எதையும் கேட்கவில்லை. டைப்பிஸ்ட் எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். ஏதோ சொல்லப் பார்த்தார். "நான் போறன் எண்டு சொன்னன்தானே மச்சான்" என்று தொடங்கி, அதற்கு மேல் முடியாமல் திரும்பிப் போய்விட்டார். அதன் பிறகு நெடுநாள் அவர் சீழ்க்கை அடிக்கவில்லை. இயந்திரம் மட்டும் தட்டும். ஒருநாள் பெரிய கிளாக்கர் அவரைப் பார்த்து, "ஏன், வாயில புண்ணா?" என்று கேட்டார். அப்போதும் அவர் அடிக்கவில்லை.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு மாமி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கதைத்தார். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. எங்கள் ஊரில் வழக்கம் அப்படி. மூத்தவள் இல்லாததால் வீடு இனி இளையவளுக்கு. குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில் மனைவி இல்லாத ஆண் தங்குவது சரியில்லை. தங்க வேண்டுமானால் ஒரு வழிதான்.

"தங்கச்சிய முடிங்க மகன். புள்ளைக்கும் ஒரு தாய் கிடைக்கும். நீங்களும் இந்த வீட்டிலயே இரிக்கலாம்."

அடுப்படிக்குப் பின்னால் யாரோ விம்முவது கேட்டது. அந்தப் பெண்தான். சின்ன வயதிலிருந்து என்னைக் காக்காவாக, கூடப்பிறந்த அண்ணனாகப் பார்த்த பிள்ளை இல்லை அவள். ஆனால் அக்காவின் புருஷனாகத்தான் பார்த்தாள். அக்காவின் புடவைகள் மடித்து வைத்திருக்கிற அலுமாரிக்கு முன்னால் அக்காவின் புருஷனோடு எப்படி வாழ்வாள்? எனக்கும் அது முடியாத காரியம்.

"வேணாம் மாமி" என்றேன். "அந்தப் புள்ளைய அழ வைக்க வேணாம். என்ட புள்ள உங்களோட இரிக்கட்டும். நான் வந்து பாத்திட்டுப் போறன்."

மாமி அழுதார். நிம்மதியால் அழுதாரா, துக்கத்தாலா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

அந்த வீட்டை விட்டால் எனக்கு வீடில்லை. நான் பிறந்த வீடு என் தங்கைக்குச் சீதனமாகப் போய்விட்டது. உம்மாவே அங்கே ஓர் அறையில் ஒடுங்கி இருந்தார். நான் இதை டைப்பிஸ்டிடம் மட்டும் சொன்னேன். அவர் பெரிய கிளாக்கரிடம் சொல்லியிருக்கிறார். அந்த வாரம் கந்தோரின் சொந்தக்காரரான முதலாளி காரில் வந்தபோது, பெரிய கிளாக்கர் என் முன்னாலேயே அவரிடம் சொன்னார்:

"முதலாளி, கந்தோருக்கு ஒரு காவல் இல்லாம இரிக்கு. சாமான் களவு போனா ஆர் பொறுப்பு? கிளாக்கர் பின்னறையில படுத்தா நமக்குத்தான் நல்லம்."

களவு போக அங்கே என்ன இருந்தது? பழைய கதிரைகளும் ஒரு தட்டெழுத்து இயந்திரமும்தான். முதலாளி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓம், ஓம், அதுவும் சரிதான்" என்றார். அடுத்த நாள் டைப்பிஸ்ட் எங்கிருந்தோ ஒரு கன்வஸ் கட்டில் கொண்டுவந்து விரித்தார். நான் ஒருவரிடமும் இடம் கேட்கவில்லை. அவர்கள் என்னைக் கேட்க விடவும் இல்லை. அந்த அறையில்தான் சில வருடம் குடியிருந்தேன்.

காலையில் பெரிய கிளாக்கர் முன்பைவிட நேரத்தோடு வரத் தொடங்கினார். கதவைத் தட்டமாட்டார். வெளியே சைக்கிள் மணியை ஒரு தடவை அடித்துவிட்டு, நான் முகம் கழுவி வரும் வரை தெருவில் நிற்பார். என் வீட்டு வாசலில் நிற்பதைப் போல.

வேலையிடத்துக்குச் சம்பளம் கொண்டுபோகிற முறையை என்னிடம் தராமல் அவர்கள் இருவரும் மாறிமாறிச் செய்தார்கள். கடைசியில் நானாகக் கேட்டுப் போனேன். தாம்போதியைத் திருத்தியிருந்தார்கள். புதுக் கல்லுப் போட்ட இடத்தில் சாரதி ஜீப்பை மெதுவாக்கினார். நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாடியில் மேசை போட்டேன். வழக்கமாகத் தள்ளுமுள்ளாக வருகிறவர்கள் அன்று வரிசையாக வந்தார்கள். சாரதி சொல்லியிருந்தார் போலும். 'கட்டை' என்று எழுதியதற்குச் சண்டை பிடித்த மனிதர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையத் தரட்டும், கிளாக்கர்" என்றார். கல் சுமக்கிற ஒரு சிங்களப் பெண் வந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகுறை. மை தோய்ந்த பெருவிரலைப் பட்டியலில் வைத்துவிட்டு, என் கையின் மேல் தன் மற்றக் கையை வைத்து, "அனே பவ், மஹத்தயா" என்றாள். ஐயோ பாவம் என்று அர்த்தம். அவள் கை கருங்கல் போலச் சொரசொரவென்று இருந்தது. அதுவரை மற்றவர்கள் முன்னால் நான் அழுததில்லை. அன்று அந்த மேசையில் அழுதேன். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போடாமல் நின்றார்கள். நான் முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்த பெயரை வாசித்தேன்.

மனைவியின் தங்கைக்கு மருதமுனையில் மாப்பிள்ளை எடுத்தார்கள். நல்ல மனிதர், நெசவு வேலை. பிள்ளை அவர்களோடு வளர்ந்தது. அவளை 'உம்மா' என்றது, அவரை 'வாப்பா' என்றது. வெள்ளிக்கிழமைகளில் நான் போவேன். மாமி, "இதும் வாப்பாதான், புள்ள" என்று சொல்லிக் கொடுப்பார். அந்தப் பிள்ளைக்கு அது விளங்கவில்லை. வாப்பா வீட்டில் இருக்கிறவர். வந்துவிட்டுப் போகிறவர் எப்படி வாப்பா? அதுவே ஒரு வழி கண்டுபிடித்தது. என்னைக் 'கந்தோர் வாப்பா' என்று கூப்பிட்டது.

ஒரு பெருநாளைக்கு அடுத்த நாள் மாமா பிள்ளையைக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். புதுச்சட்டை. கையில் பெருநாள் இனிப்பான வட்டலப்பம் வைத்த பாத்திரம். டைப்பிஸ்ட் பிள்ளையைத் தூக்கி இயந்திரத்துக்கு முன்னால் உட்காரவைத்தார். அது தட்டிப் பார்த்தது. பெரிய கிளாக்கர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அது இறங்கிப் பின்னறைக்குள் எட்டிப் பார்த்தது. கன்வஸ் கட்டிலையும், ஆணியில் தொங்கிய, நான் இடுப்பில் உடுக்கிற சாரத்தையும், தண்ணீர்க் குடத்தையும் பார்த்தது.

"கந்தோர் வாப்பா, நீங்க இஞ்சயா இரிக்கிற?"

"ஓம் புள்ள."

"உங்களுக்கு வீடில்லயா?"

பெரிய கிளாக்கர் கதிரையை விட்டு எழும்பி வந்தார். குனிந்து, அதன் முன்னால் உட்கார்ந்தார்.

"இது எங்க எல்லாருக்கும் வீடுதான், மகள்" என்றார். "உங்கட உம்மா எங்களுக்கு இஞ்ச மாம்பழம் அனுப்பினவ."

பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தது. அதற்கு உம்மா என்றால் சித்திதான். "உம்மா எனக்குச் சொல்லவே இல்லையே" என்றது.

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பிள்ளை கொண்டுவந்த பாத்திரத்தை எடுத்து, வட்டலப்பத்தை ஐந்தாக வெட்டி, எல்லாருக்கும் வைத்தேன்.